28 டிகிரி காலையில் 9 டிகிரி காட்டிய கார்

வண்டி 2014 மாடல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், ஓட்டம் 86,000 கிலோமீட்டர் சொச்சம். கோயம்புத்தூரில் என் பட்டறைக்கு ஒரு சித்திரை மாத மாலையில் வந்தது. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சாவியைக் கையில் கொடுக்கும்போதே மூன்று மாதக் கதையையும் சேர்த்துக் கொடுத்தார்.

"தம்பி, செக் இன்ஜின் லைட் வருது, தானா போகுது. ரெண்டு தடவை சென்சார் மாத்தியாச்சுங்க. ஒரு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் பழையபடிதான். மேடு பள்ளத்துல ஏறி இறங்கினா கொஞ்ச நேரம் இழுக்காம திணறுது. மைலேஜும் குறைஞ்சுபோச்சு."

ஸ்கேனரைப் போட்டேன். இன்ஜினை நடத்தும் கணினியான இசியுவின் நினைவில் ஒரே ஒரு கோளாறு எண்: பி0113. உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைச் சொல்லும் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். பெரும்பாலான வண்டிகளில் இந்த எண் வந்தால் காரணம் இதுதான்: எங்கோ சர்க்யூட் அறுந்து நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் கை போகிற இடம் அதுதான். ஆனால் சென்சாரை மாற்றிய பிறகும் அதே எண் திரும்பி வந்தால், மூன்றாவது சென்சார் வாங்குவதற்கு முன் சர்க்யூட்டை முழுதாக நடந்து பார்த்துவிட வேண்டும்.

கோளாறு பதிவான கணத்தில் இசியு பிடித்து வைத்திருந்த விவரங்களையும் எடுத்தேன். வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் 88 டிகிரி, எரிபொருளின் நீண்டகாலத் திருத்தம் மைனஸ் 11.7 சதவீதம். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இந்தக் கடைசி எண்தான். கணக்குப்படி வர வேண்டிய பெட்ரோலைவிடக் கிட்டத்தட்ட 12 சதவீதம் குறைத்து ஊற்றினால்தான் கலவை சரியாக இருக்கிறது என்று இசியு நாள்கணக்கில் கற்றுக்கொண்டிருக்கிறது. எப்போதாவது ஒரு நொடி அறுந்து சேரும் ஒயரால் இப்படி ஒரு பழக்கம் வராது. சர்க்யூட் அறுபடாமல் இருக்கும் நேரத்திலும் ஏதோ ஒன்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பட்டது.

"சார், வண்டி ராத்திரி இங்கேயே நிக்கட்டும். காலையில ஆறின இன்ஜின்ல பார்த்தாதான் இது தெரியும்," என்றேன். சரி என்று ஆட்டோ பிடித்துப் போனார்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் குழாயில் இருக்கும் காற்று, ஷெட்டின் காற்று மூன்றும் ஒரே வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். ஓரிரு டிகிரி முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது. காசே ஆகாத சோதனை இது. ப்ளூடூத் அடாப்டரும் கைப்பேசியும் இருந்தால் வண்டிக்காரரே செய்து பார்த்துவிடலாம்.

காலை ஆறரை மணி. சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரில் 28 டிகிரி. இக்னிஷனை மட்டும் ஆன் செய்தேன், இன்ஜினை ஓட்டவில்லை. கூலன்ட் 29. மேனிஃபோல்ட் காற்றழுத்தம் 96 கிலோ பாஸ்கல். உள்ளே போகும் காற்று 9 டிகிரி.

இந்த 9 டிகிரிக்கு இசியு கோளாறு எண் எதையும் பதியவில்லை. அது பதியாததற்குக் காரணமும் நியாயமானதுதான். மைனஸ் 40 என்று வந்தால் இசியு சந்தேகப்படும், கோளாறு எண்ணைப் பதியும். ஸ்கேனருக்கு விவரம் அனுப்பும் ஓபிடி முறையில் காற்று வெப்பநிலை ஒரே ஒரு பைட்டில் வருகிறது. அந்த எண்ணிலிருந்து 40 ஐக் கழித்தால் டிகிரி கிடைக்கும். ஆகவே பூஜ்ஜியம் வந்தால் மைனஸ் 40, அதற்குக் கீழே காட்ட இடமே கிடையாது. ஒயர் அறுந்த வண்டிகளில் பெரும்பாலும் அந்த எண் நிற்பது இதனால்தான். ஆனால் 9 டிகிரி அப்படியில்லை. இங்கிருந்து மலையேறினால் ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் 9 டிகிரி சர்வசாதாரணம். வண்டி எங்கே நிற்கிறது என்று இசியுவுக்குத் தெரியாது, அதனால் நம்பிவிட்டது.

இந்த வண்டியில் காற்று வெப்பநிலை சென்சார் தனியாக இல்லை. மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரோடு ஒரே கூட்டுக்குள், ஒயர்களை மாட்டிக் கழற்றும் நான்கு பின் கப்ளரில் இருக்கிறது. 5 வோல்ட் ஒன்று, எர்த் ஒன்று, அழுத்த சிக்னல் ஒன்று, வெப்பநிலை சிக்னல் ஒன்று. எர்த் இரண்டுக்கும் பொது. அழுத்தம் 96 காட்டியதை நான் சும்மா குறித்து வைக்கவில்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இன்ஜின் ஓடாதபோது இங்கே 96, 97 தான் வர வேண்டும். அழுத்தம் சரியாக வருகிறது என்றால் 5 வோல்ட்டும் சரி, பொது எர்த்தும் சரி. நான்கு ஒயரில் மூன்று, மீட்டரைத் தொடாமலேயே சந்தேகத்திலிருந்து கழிந்துவிட்டன. மிச்சம் இருப்பது வெப்பநிலை சிக்னல் ஒயர், சென்சாருக்குள் இருக்கும், சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர், இசியுவின் உள்பக்கம்.

சர்க்யூட் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், மேற்கொண்டு படிக்க அது வேண்டும். இசியுவுக்குள் 5 வோல்ட் இருக்கிறது. அது உள்ளேயே ஒரு ரெசிஸ்டரைத் தாண்டி, சிக்னல் ஒயர் வழியாக வெளியே வந்து, தெர்மிஸ்டருக்குள் புகுந்து எர்த்துக்குப் போகிறது. உள்ளே இருக்கும் ரெசிஸ்டரும் வெளியே இருக்கும் தெர்மிஸ்டரும் அந்த 5 வோல்ட்டைப் பாகம் பிரித்துக்கொள்கின்றன. சூடு ஏறினால் தெர்மிஸ்டரின் ஓம் குறையும், அதன் பங்கும் குறையும். குளிர்ந்தால் ஓம் கூடும், பங்கும் கூடும். இசியு அந்தப் பங்கை அளந்துதான் வெப்பநிலையைச் சொல்கிறது. இந்த வகை சென்சார்களில் பரவலாகக் காணும் அளவு: 0 டிகிரியில் 5.9 கிலோ ஓம், 20 இல் 2.5, 40 இல் 1.2, 80 இல் சுமார் 320 ஓம். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

கப்ளரைக் கழற்றி சென்சாரின் இரண்டு பின்களில் மீட்டரை வைத்தேன். 1.85 கிலோ ஓம். 28 டிகிரிக்கு அச்சாக அதுதான் வர வேண்டும். ஹேர் டிரையரை எட்ட வைத்துச் சூடு காட்டினேன், எண் எங்கும் தாவாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சென்சாரில் ஒரு குறையும் இல்லை. சென்சார் கழன்ற நிலையில் ஸ்கேனர் மைனஸ் 40 காட்டியது, அதுவும் எதிர்பார்த்ததே.

அடுத்து, ஒயரிங் பக்கக் கப்ளரில் சிக்னல் பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்த்தேன். 4.98.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். 5 வோல்ட் வந்துவிட்டதே, ஒயர் எப்படிக் கெட்டிருக்கும்? முன்பு பார்த்தவரிடம் போனில் கேட்டேன், அவரும் ஒளிக்காமல் சொன்னார்: "அண்ணே, ரெண்டு தடவையும் 5 வோல்ட் பார்த்தேன், அதனாலதான் சென்சார் மாத்தினேன்."

மீட்டர் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்வி போதவில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் எதிர்ப்பு சாதாரணமாக 10 மெகா ஓம். அதன் வழியே ஓடும் கரண்ட் இல்லை என்றே சொல்லலாம். கரண்ட் ஓடாதபோது ஒயரில் 2 கிலோ ஓம் துரு இருந்தாலும் வோல்டேஜ் இறங்காது. இரண்டு பங்காளிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒருவன் ஒளிந்திருக்கிறான். சொத்தைப் பிரிக்கும்போதுதான் அவன் கை நீட்டுவான். பிரிக்காதவரை அவன் இருப்பதே தெரியாது. கப்ளரைக் கழற்றிவிட்டு 5 வோல்ட் பார்ப்பது, பாகப் பிரிவினையே நடக்காத வீட்டில் பங்காளிகளை எண்ணுவது போல.

அதனால் சர்க்யூட்டுக்கு வேலை கொடுத்தேன். கழன்ற கப்ளரில் சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் நேராகச் சேர்த்தேன். இந்தச் சர்க்யூட்டில் இதனால் எதுவும் புகையாது. இசியுவுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் கரண்டை ஓரிரு மில்லி ஆம்பியரிலேயே கட்டி வைத்திருக்கும். ஆனால் பின் மாறி 5 வோல்ட் ஒயரை எர்த்தில் சேர்த்துவிடக் கூடாது, ஒயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒயர் நல்ல நிலையில் இருந்தால் இப்படிச் சேர்த்ததும் ஸ்கேனரில் வெப்பநிலை 130, 140 என்று உச்சிக்கு ஓட வேண்டும். தெர்மிஸ்டர் பூஜ்ஜியம் ஓமுக்கு வந்துவிட்டது என்று இசியு நினைக்கும்.

ஸ்கேனர் 25 டிகிரி காட்டியது.

பக்கத்தில் நின்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இப்ப கரெக்டா காட்டுதே!" என்றான். அவனுக்கு அதை விளக்கிச் சொல்லும்போதுதான் எனக்கும் படம் முழுசாகத் தெளிந்தது. சென்சாரே இல்லை, வெறும் ஒயர்த் துண்டுதான் இருக்கிறது. ஆனாலும் இசியு 25 டிகிரிக்கு உரிய 2 கிலோ ஓமைப் பார்க்கிறது. அந்த 2 கிலோ ஓம் ஒயருக்குள் இருக்கிறது. காலையில் பார்த்த 9 டிகிரிக்கும் இதுவே கணக்கு. சென்சாரின் 1.85, ஒயரின் 2, சேர்ந்தால் 3.85. அந்த அளவுக்கு அட்டவணையில் 9, 10 டிகிரிதான் வரும்.

சரி, உறுதி செய்துகொள்ள இன்னொரு வழி. கப்ளரைத் திரும்ப மாட்டினேன். இசியு பக்கத்திலும் சென்சார் பக்கத்திலும் கப்ளரின் பின்புறமாக, ஒயரையொட்டி மெல்லிய பின்னைச் சொருகி வோல்டேஜ் எடுத்தேன். இசியு பின்னில் 3.18, சென்சார் பின்னில் 1.53. ஒரே ஒயரின் இரண்டு முனைக்கு நடுவே 1.65 வோல்ட் காணாமல் போகிறது. நல்ல ஒயரில் இந்த வித்தியாசத்தை மில்லி வோல்ட்டில் தேட வேண்டியிருக்கும். எர்த் பக்கம் பேட்டரி நெகட்டிவ் வரை பார்த்தேன், 12 மில்லி வோல்ட். அது சுத்தம். இசியுவும் சுத்தம்.

இப்போது அந்த மைனஸ் 11.7 க்கு வருவோம். காற்றை எடை போட இந்த வண்டியில் தனி சென்சார் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்துத்தான் இசியு காற்றின் எடையைக் கணக்கிடுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆகவே குளிர் என்று நம்பினால் பெட்ரோலைக் கூட்டிக் கணக்குப் போடும். இன்ஜின் சூடேறி மேனிஃபோல்ட் காற்று 50 டிகிரியில் இருக்கும்போது தெர்மிஸ்டர் 0.83 கிலோ ஓம். ஒயரின் 2 சேர்ந்தால் 2.83, அதாவது இசியு பார்ப்பது 17 டிகிரி. கெல்வினில் 323 ஐ 290 ஆல் வகுத்தால் 1.11. பதினோரு சதவீதம் அதிகக் காற்று இருப்பதாக இசியு நினைக்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவை கெட்டியாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க, இசியு மெல்ல மெல்லக் குறைத்து மைனஸ் 11.7 இல் வந்து நின்றிருக்கிறது.

சார் சொன்ன திணறலுக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது துருப்பிடித்த இழைகள் முழுதாக விட்டுவிடுகின்றன. இசியு கோளாறைக் கண்டுகொண்டு, சென்சாரை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் இருக்கும் ஒரு மாற்று மதிப்புக்குத் தாவுகிறது. மாற்று மதிப்பு உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் கற்றுவைத்த மைனஸ் 11.7 கூடவே வருகிறது. பொய்க்கு ஏற்றபடி பழகிய திருத்தம் உண்மையின் மேல் விழுந்தால் பெட்ரோல் பற்றாது. அந்தந்த நொடிக்கு மாறும் குறுகியகாலத் திருத்தம் ஓடி வந்து ஈடுகட்டும் வரை சில நொடி வண்டி இழுக்காது. மேட்டில் ஏறும்போது அவர் மிதித்தும் வண்டி நகராமல் நின்ற அந்த நொடிகள் இவைதான்.

இனி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசியில் காற்று வெப்பநிலையைக் கோடாக ஓடவிட்டு, பையனைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கப்ளரிலிருந்து ஒயரிங்கை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போனேன். முதல் இரண்டு சாணில் கோடு அசையவில்லை. பேட்டரி ட்ரேக்கு அடியில் வளையும் இடத்தில் கை வைத்ததும், "அண்ணா, மைனஸ் நாப்பது!" என்று கத்தினான். கையை எடுத்தேன், 11. மறுபடி அழுத்தினேன், 4.

அங்கே கம்பெனி சுற்றிய டேப்பின் மேல் வேறு யாரோ சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் டேப் இருந்தது. பசை கரைந்து விரலில் ஒட்டியது. பிரித்துப் பார்த்தால் நான்கு ஒயரில் ஒன்று மட்டும் சற்றே உப்பியிருந்தது. இரண்டு விரலால் பிடித்து இலேசாக இழுத்தேன், ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு முழுசாக இருக்கும் ஒயர் அப்படி நீளாது. டார்ச் அடித்துத் திருப்பிப் பார்த்தபோது, இன்சுலேஷனில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. துளையின் விளிம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பழைய பித்தளைக் குத்துவிளக்கைப் பரணிலிருந்து எடுத்தால் இடுக்கில் ஒட்டியிருக்குமே, அதே பச்சை.

டெஸ்ட் லேம்ப்பின் ஊசி குத்திய துளை அது. எப்போதோ, எதையோ சோதிக்கும்போது, யாரோ ஒயரைக் குத்தி வெளிச்சம் வருகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். மேலே டேப்பும் சுற்றியிருக்கிறார்கள், கவனமில்லாத ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேட்டரிக்கு அடியில் தண்ணீரும் ஆசிட் ஈரமும் தங்கும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீர் டேப்புக்குள் புகும். ஒரு துளை போதும், ஈரம் இழைகளுக்கு நடுவே திரி ஏறுவது போல இரண்டு பக்கமும் ஏறிவிடும். ஆரம்பத்தில் நானும் ஒயரைக் குத்திப் பார்த்தவன்தான். இப்படி இரண்டு மூன்று வண்டிகளைப் பார்த்த பிறகு என் பட்டறையில் குத்தும் ஊசிக்கே இடமில்லை. கப்ளரின் பின்புறம் மெல்லிய பின் சொருக எப்போதும் வழி இருக்கிறது. நேரம் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

வெட்டி எடுத்தேன். துளையிலிருந்து ஒரு பக்கம் நான்கு சென்டிமீட்டர், இன்னொரு பக்கம் ஆறு சென்டிமீட்டர் வரை இழைகள் கறுத்துப் பொடிந்திருந்தன. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டினேன். இந்த வேலையில் ஒயரை மிச்சம் பிடிக்கக் கூடாது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, ஒட்டினாலும் ஆறு மாதத்தில் அதே கதை. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு துண்டு வைத்து இரண்டு பக்கமும் சால்டர் செய்து, உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சுருக்கினேன். இரண்டு ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் விழாமல் முன்பின் தள்ளி வைத்தேன். ஒயரிங்கை ட்ரேக்கு அடியிலிருந்து எடுத்து, தண்ணீர் தேங்காத மேல் பக்கமாக க்ளிப் போட்டுக் கட்டினேன். பக்கத்தில் இருந்த மற்ற மூன்று ஒயர்களையும் விரலால் உருட்டிப் பார்த்தேன். துளை எதுவும் இல்லை.

மறுபடியும் அதே துண்டு ஒயரால் சிக்னலையும் எர்த்தையும் சேர்த்தேன். வெப்பநிலை 130 ஐத் தாண்டி ஓடியது. எடுத்ததும் மைனஸ் 40. சென்சாரை மாட்டியதும் இசியு பின்னில் 2.28 வோல்ட், சென்சார் பின்னிலும் 2.28. கோளாறு எண்ணை அழித்து, எரிபொருள் திருத்தத்தையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். இதை விட்டுவிட்டால் பழைய மைனஸ் 11.7 ஐ வைத்துக்கொண்டு வண்டி முதல் நாள் முழுக்கத் திணறும். சரி செய்தும் போகவில்லையே என்று வண்டிக்காரர் திரும்பி வருவார்.

அன்று சாயங்காலம் வண்டியைக் கொடுக்கவில்லை. இன்னொரு இரவு ஆறட்டும் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை சுவரில் 27. கூலன்ட் 28, காற்று 28.

ஒயரின் துண்டைச் சாரிடம் கொடுத்தேன். ஆசிரியராக இருந்தவர் அல்லவா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்து அந்தத் துளையைத் தேடிக் கண்டுபிடித்தார். "இந்த ஊசித் துளைக்கா தம்பி மூணு மாசம்?" என்றார். பிறகு டேஷ்போர்டு டிராயரைத் திறந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சென்சாரை எடுத்தார். முதன்முதலில் கழற்றிய, வண்டியோடு வந்த சென்சார். தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தாராம். மீட்டரை வைத்துப் பார்த்தேன். 1.86 கிலோ ஓம். அதற்கு ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை.

பத்து நாள் கழித்து, கோத்தகிரி போய்வந்த பிறகு வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். நீண்டகாலத் திருத்தம் மைனஸ் 1.6. கோளாறு எண் எதுவும் இல்லை. டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில், லிட்டருக்கு 14 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 16 கொடுத்தது என்றார். மலை ஏறி இறங்கிய கணக்கு என்பதால் அந்த எண்ணை மட்டும் நான் வேலைக் குறிப்பில் எழுதவில்லை. பழைய சென்சார் இப்போதும் அவர் டிராயரில்தான் இருக்கிறது, "நல்லது, சோதித்தாயிற்று" என்று எழுதிய சீட்டோடு.